மன்னிப்புப் பெற்ற பின்னும் தன்னைத் தண்டித்துக்கொள்பவருக்கு என்ன சொல்வது?

மருதடியாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் சின்னம்மாவைப் பற்றிக் கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். ஊரின் பெயரையும் எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பெயரையும் மட்டும் தவிர்த்துவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் வெளியேறிய இரவில், சின்னம்மாவின் கையில் இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள். சித்தப்பா அப்போது கொழும்பில் இருந்தார். வீட்டில் சித்தப்பாவின் தாயார் நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தார். தன்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று அவர் மறுத்தார். பக்கத்து வளவிலிருந்த முதிய தம்பதியர் தாங்கள் எங்கும் போகப் போவதில்லை என்றும் அவரைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். சின்னம்மா பிள்ளைகளுடன் அடுத்த பகுதியான தென்மராட்சிக்குப் போனார். 1996 மே மாதம் திரும்பி வந்தபோது மாமியார் டிசெம்பரிலேயே இறந்துவிட்டதையும், அயலவர்கள் வளவின் மூலையில் அவரை அடக்கம் செய்திருந்ததையும் அறிந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் அவர் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் செய்யும் பாவ அறிக்கையில், இதையே சொல்லி வருகிறார். சுவாமிமார் பாவமன்னிப்பு அளிக்கிறார்கள். அவர் வீடு வந்து சேர்வதற்குள் முகம் பழையபடி இருண்டுவிடுகிறது. ஒக்டோபர் இறுதியும், மரித்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதியும் அடுத்தடுத்து வருவதால் அந்த வாரம் அவருக்கு மிகவும் கொடியது. அண்மைக் காலமாக நற்கருணை வாங்குவதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "கடவுள் மன்னிச்சிருப்பார், என்னாலதான் என்னை மன்னிக்க ஏலாது" என்கிறார்.

தன்னிடம் பரிவு காட்டுவதற்கு நம் விசுவாசத்தில் இடமுண்டா? உண்டென்றால், ஆறுதல் வாசகங்களாக அல்லாமல், ஒரு முதிய பெண் நாளாந்தம் கடைப்பிடிக்கக்கூடிய வழியாக அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மறையாசிரியர் எழுதியது:

தங்கையே, முதலில் திருச்சபையின் போதனையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்னம்மாவுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை என்றே தோன்றுகிறது. ஒருமுறை நேர்மையாக அறிக்கையிட்டுப் பாவமன்னிப்புப் பெற்ற பாவத்தை மீண்டும் அறிக்கையிட வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. திருச்சபைச் சட்டம் 988, இதுவரை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறாத கனமான பாவங்களைத்தான் கேட்கிறது. பக்தியினால் பழையதை மறுபடி சொல்வது தவறல்ல; மன்னிப்புக் கிடைத்ததா என்ற ஐயத்தினால் சொல்வது வேறு.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இதே துன்பத்தில் அகப்பட்டவர். 1522இல் ஸ்பெயினின் மொன்செராத்தில் மூன்று நாட்களாக எழுதி எழுதித் தம் வாழ்நாள் பாவங்கள் அனைத்தையும் அறிக்கையிட்டார். அதன் பின்னர் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ என்ற உறுத்தல் அவரை விடவில்லை. மிகத் தெளிவாகத் தெரிகின்றவற்றைத் தவிரப் பழையது எதையும் சொல்ல வேண்டாம் என்று குருவானவர் கட்டளையிட்டார்; அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன, ஆகவே அந்தக் கட்டளையும் உதவவில்லை. அறையிலிருந்த குழியில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு அது முற்றியது. கடைசியில், இந்த உறுத்தல் தம்மை எங்கே இழுத்துச் செல்கிறது என்பதைக் கவனித்தார். அது கடவுளிடமிருந்து வரவில்லை என்று உணர்ந்து, கடந்த காலப் பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்தார். அத்துடன் விடுதலை பெற்றார். ஒரு புனிதரே பழைய பாவங்களை மறுபடி அறிக்கையிடுவதை நிறுத்தியதனால் குணமடைந்தார் என்பதைச் சின்னம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். அவர் ஒரே குருவானவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய சுவாமியாரிடம் போனால் கதை முதலிலிருந்து தொடங்கும். தொடர்ந்து கேட்டு வருபவர்தான் "இதை இனி என்னிடம் சொல்ல வேண்டாம், என் பொறுப்பில் விடுங்கள்" என்று சொல்ல முடியும்.

தென்மராட்சியான் எழுதியது:

எனக்கு வேறொரு கேள்வி. இது பாவம்தானா?

அந்த இரவில் நாங்கள் நாவற்குழிப் பக்கத்தில் இருந்தோம். மழை. பாலத்தை நோக்கி வந்த சனத்துக்கு முன்னே போகவும் இடமில்லை, பின்னே திரும்பவும் இடமில்லை. முதியவர்களைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தவர்களையும், கதிரையோடு தூக்கி வந்தவர்களையும் கண்டேன். தூக்குவதற்கு ஆண்துணை இருந்தவர்களால்தான் அது இயன்றது. இரண்டு குழந்தைகளோடு தனியாக நின்ற பெண், வர மறுத்த ஒருவரை எப்படித் தூக்கியிருக்க முடியும்? கனமான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டுமென்று நாமே மறைக்கல்வியில் படித்தோம். வெளியேறச் சொன்ன ஒலிபெருக்கி அறிவித்தலுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையில் ஒரு மனிதருக்கு எவ்வளவு சம்மதம் மிஞ்சியிருந்தது?

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்கள் வழிபாட்டில் பாவ அறிக்கை சபையாகச் சேர்ந்து செய்யப்படுகிறது. எனவே சட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை, வேதத்திலிருந்து ஒன்றை மட்டும் முன்வைக்கிறேன்.

அந்த ஒரே இரவில் யூதாஸ் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தான், பேதுரு அவரை அறியேன் என்று மறுதலித்தான். பேதுருவும் மனங்கசந்து அழுதான், யூதாசும் மனஸ்தாபப்பட்டான். யூதாசின் மனஸ்தாபத்தைப் பொய்யென்று மத்தேயு சொல்லவில்லை: அவன் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டான். ஆனால் யாரிடம் அறிக்கையிட்டான் என்பதைப் பாருங்கள். பிரதான ஆசாரியர் அவனுக்குக் கொடுத்த பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு". இரக்கமில்லாத நியாயாசனத்தின் முன் தன் குற்றத்தை வைத்தான். அங்கே கிடைத்த தீர்ப்பையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போனான். பேதுரு எந்த விளக்கமும் சொல்லவில்லை. மற்றச் சீடர்களோடு இருந்தான், மீன்பிடிக்கப் போனான், கரையில் ஆண்டவர் நிற்பதைக் கண்டதும் கடலில் குதித்து அவரிடம் வந்தான்.

மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பின் அருகே. யோவான் 21இல் கரையிலே ஆண்டவர் மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புத்தான். அவர் மறுதலிப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முதலில் சாப்பிட அழைத்தார். பின்பு, மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். மூன்றாம் முறை பேதுரு துக்கப்பட்டான் என்றும் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே அந்தக் காயத்தை அவர் தொடாமல் விடவுமில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னர் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். சின்னம்மா ஒவ்வோர் ஆண்டும் தன்னையே நியாயாதிபதியாக இருத்தி, தன்னிடமே அறிக்கையிட்டு, "அது உன்பாடு" என்ற பதிலைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறார் என்று நான் அஞ்சுகிறேன்.

நேர்கேள்வி எழுதியது:

சின்னம்மாவின் துயரத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பேச்சு பொதுவில் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. "உன்னை நீயே மன்னித்துவிடு" என்று வேதாகமத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஊரில் சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போனவரும், வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லிப் பிறர் காணியை ஈடு வைக்கச் செய்தவரும், செபக்கூட்டத்தில் எழுந்து நின்று, கர்த்தர் என் கடந்த காலத்தை அழித்துவிட்டார் என்று சாட்சி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். காசை இழந்த குடும்பம் அதே கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தது. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவனான சக்கேயு அப்படிச் செய்யவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. தன்பரிவு என்ற பெயரில் இந்தக் கடமை மறைந்துவிடக்கூடாது.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தம்பி சொன்னதை முழுவதும் ஏற்றுக்கொள்கிறேன். நானும் "உன்னை நீயே மன்னித்துவிடு" என்று சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் அது நம்முடைய அதிகாரத்தில் இல்லை. ஆனால் அதே காரணத்துக்காகவே, "என்னை நான் மன்னிக்கமாட்டேன்" என்பதும் நம்முடைய அதிகாரத்தில் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மனுஷருடைய தீர்ப்பு தனக்கு அற்பம் என்று சொல்லிவிட்டு, "நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை" என்கிறான். சபையைத் துன்பப்படுத்தியவன், ஸ்தேவான் கல்லெறியுண்டபோது உடைகளுக்குக் காவல் நின்றவன் எழுதிய வாக்கியம் அது. தான் செய்ததை அவன் ஒருபோதும் மறைக்கவில்லை, நிருபங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆனால் தண்டனையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. யோவான் இன்னும் நேரடியாக எழுதுகிறார்: நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர்.

சீட்டுக் காசை எடுத்தவருக்குச் சக்கேயுவை வாசித்துக் காட்ட வேண்டும். சின்னம்மாவுக்கு யோவானை வாசித்துக் காட்ட வேண்டும். இருவருக்கும் மாற்றி வாசித்தால் இருவருமே கெட்டுப் போவார்கள்.

மறையாசிரியர் எழுதியது:

இதற்குத் துணையாக ஒன்று. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட பக்தி வழிகாட்டி நூலில், தன் குறைகளின்மேல் சினங்கொள்ளாமல் தன் இருதயத்தைச் சாந்தமாகத் திருத்துவதற்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். தன்மேல் கொள்ளும் கடுஞ்சினம் பெரும்பாலும் தற்பெருமையிலிருந்தே பிறக்கிறது, நாம் இவ்வளவு பலவீனர் என்பதைக் காணப் பொறுக்காத மனமே அப்படிச் சீறுகிறது என்பது அவருடைய கணிப்பு. இதைச் சின்னம்மாவிடம் குற்றச்சாட்டாகச் சொல்லிவிடாதீர்கள். அவர் அதையும் தன் பாவப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்.

உளவளத்துணையாளர் எழுதியது:

நான் இப்பகுதியில் உளவளத்துணைப் பணி செய்பவள், கிறிஸ்தவளும்கூட.

உளவியலில் தன்பரிவைப் பற்றிய ஆய்வை 2003இலிருந்து விரிவாக முன்னெடுத்தவர் கிறிஸ்டின் நெஃப். துன்பப்படும் நண்பரிடம் பேசுவதுபோல் தன்னிடம் கனிவாகப் பேசுவது, தன் தவறையும் துன்பத்தையும் மனித குலம் முழுவதற்கும் பொதுவானதாகக் காண்பது, வலியை மறைக்காமலும் பெருக்காமலும் உள்ளபடி கவனிப்பது ஆகிய மூன்றையும் அவர் அதன் கூறுகளாகச் சொல்கிறார். இந்த ஆய்வின் பின்னணி கிறிஸ்தவமல்ல. ஆனால் "எல்லாரும் பாவஞ்செய்தார்கள்" என்று ஞாயிறுதோறும் சபையோடு சேர்ந்து சொல்பவருக்கு இரண்டாவது கூறு புதிதல்ல. வேறுபாடும் உண்டு. அங்கே பரிவின் ஊற்று தன் மனமே. இங்கே தன் மனம் வற்றிப்போனாலும் வற்றாத ஒருவரிடமிருந்து அது வருகிறது. சின்னம்மாவைப் போல, தன்னிடம் கனிவாகப் பேசவே கூசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிய உதவியாக இருக்கும்: கனிவை அவர் தானே உண்டாக்கத் தேவையில்லை, மறுக்காமல் இருந்தால் போதும்.

எனினும், இந்த இழையில் இன்னும் பேசப்படாத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். சின்னம்மா தன் மாமியாருக்காக அழவேயில்லை என்று நினைக்கிறேன். மரணவீடு நடக்கவில்லை, உடலைப் பார்க்கவில்லை, 31ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் இல்லை; ஊரே கலைந்து கிடந்ததால் வந்து கூடி அழ உறவினரும் இல்லை. திரும்பி வந்தபோது கூரையைச் சீர்செய்யவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டியிருந்தது. போர் தனிமனிதரை மட்டுமல்ல, துக்கத்தைத் தாங்கும் குடும்பத்தையும் ஊரையும் அதன் சடங்குகளையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார். அந்தத் துக்கத்தை இறக்கி வைக்கச் சின்னம்மாவுக்குத் திறந்திருந்த ஒரே கதவு பாவசங்கீர்த்தனம். ஆகவே துக்கத்தையும் பாவமென்று பெயரிட்டு அங்கே கொண்டுபோனார். பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது. துக்கம் மன்னிக்கப்படக்கூடிய ஒன்றல்லவே, அதனால் அது அப்படியே அவரோடு வீடு திரும்பியது. காயத்துக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டு ஏன் ஆறவில்லை என்று நோயாளியையே குறை சொல்வதைப் போல, அவர் தன் விசுவாசத்தையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புலம்பலுக்கும் வேதத்தில் இடமுண்டு. 88ஆம் திருப்பாடல் எந்த ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் செபமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. 56ஆம் பாடலில், "என் அலைச்சல்களைத் தேவரீர் எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வருகிறது. இடம்பெயர்ந்த பெண்கள் குழுவொன்றில் இதை வாசித்தபோது, வாசித்து முடிப்பதற்குள் அழுகை தொடங்கிவிட்டது.

சின்னம்மாவுடன் அமர்ந்து அந்த இரவை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சொல்லச் செய்யுங்கள். குறுக்கே நின்று "அது உங்கள் பிழையல்ல" என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். சொல்லி முடித்த பின்னர், அதே நிலையில் வேறொரு இளந்தாய் வந்து நின்றால் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்து, இரவுச் செபத்தின்போது அவர் தனக்குத்தானே வாசிக்கட்டும். அவருக்கு உறக்கமோ பசியோ குறைந்திருந்தால், அல்லது சாவைப் பற்றிப் பேசினால், தாமதியாமல் யாழ் போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவல்ல.

மருதடியாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துச் சின்னம்மாவுக்கு வாசித்தேன். இஞ்ஞாசியாரின் கதையைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அதன் பின்னர் உளவளத்துணையாளர் அக்கா சொன்னபடி அந்த இரவைச் சொல்லும்படி கேட்டேன், நான் குறுக்கிடவில்லை.

இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். மாமியார் வரமாட்டேன் என்று மறுத்தபோது, பிள்ளைகள் அழ, வெளியே சனம் போய்க்கொண்டிருக்க, சின்னம்மா பொறுமையிழந்து, "அப்ப கிடந்து சாகுங்கோ" என்று கத்தியிருக்கிறார். மாமியார் எதுவும் பேசவில்லை. அதுவே இருவருக்கும் இடையிலான கடைசிப் பேச்சு. பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு முறையும் "மாமியைச் சாகவிட்டுப் போனேன்" என்றுதான் சொன்னாராம். இந்த வார்த்தையைச் சொல்ல நா எழவில்லையாம்.

இப்போது என்ன செய்வது? இதையும் அவர் புதிதாகத் தூக்கிச் சுமக்கத் தொடங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மறையாசிரியர் எழுதியது:

பயப்பட வேண்டாம். இத்தனை காலமும் அவர் தான் செய்யாத பெரிய குற்றத்துக்குள் தான் செய்த சிறிய குற்றத்தை மறைத்து வைத்திருந்தார். இப்போது அது தன் உண்மையான அளவில் வெளியே வந்துவிட்டது. அச்சத்திலும் களைப்பிலும் ஒரு தாய் கத்திய வார்த்தை அது. பாவமென்றாலும் கனமான பாவத்துக்குரிய முழுச் சம்மதம் அங்கே இருந்ததாக எந்தக் குருவானவரும் சொல்லமாட்டார். இதைச் சுவாமியாரிடம், இதே வார்த்தைகளில், ஒரே ஒருமுறை சொல்லட்டும். "சாகவிட்டுப் போனேன்" என்ற பழைய வாக்கியத்தை மட்டும் இனிச் சொல்ல வேண்டாம், அது உண்மையல்ல.

நற்கருணையைப் பற்றியும் கேட்பார். தடை எதுவும் இல்லை. தான் தகுதியானவர் என்று உணரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்று சொல்லித்தானே நாம் எல்லோரும் அதை வாங்கப் போகிறோம்.

நேர்கேள்வி எழுதியது:

நான் முன்பு எழுதியதைச் சின்னம்மா தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடாது என்று விரும்புகிறேன். ஆனாலும் ஒப்புரவு பற்றிய என் கேள்வி இங்கே அவருக்கே உதவலாம் என்று தோன்றுகிறது. அந்த வார்த்தைக்கு ஈடாக அவர் செய்யக்கூடிய ஏதேனும் இருந்தால், ஆண்டுக்கணக்காகத் தன்னைத் தண்டித்ததைவிட அது அவருக்கு அமைதி தரும். மாமியாரிடம் இப்போது பேச முடியாது. அவருடைய மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

மருதடியாள் எழுதியது:

சித்தப்பா காலமாகிவிட்டார். அவருடைய தம்பி கனடாவில் இருக்கிறார். தாயைப் பற்றி அவர் சின்னம்மாவிடம் ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை. பேச்சே எழாதபடி இருவரும் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்வதே சரி. அவருக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமா?

உளவளத்துணையாளர் எழுதியது:

அந்த வார்த்தையை அவரிடம் சொல்வதால் யாருக்கு நன்மை என்று பாருங்கள். சின்னம்மாவின் பாரம் குறைந்து தம்பியாரின் மனதில் புதிய முள் ஏறுமென்றால், அதைக் குருவானவரிடம் சொன்னதே போதும். ஆனால் தாயின் கடைசி மாதங்களைப் பற்றி, யார் சாப்பாடு கொடுத்தார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதைப் பற்றி அவருக்கு எவரும் முழுமையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அதைச் சின்னம்மா சொல்லலாம். அவரும் அழாமல் வைத்திருக்கும் ஒரு மகன்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

மரித்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. அவர்களுக்காக நன்றி செலுத்துகிறோம். உங்கள் முறைப்படி மாமியாரின் பெயரில் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது அவருடைய பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், உறவினர்களையும் அழையுங்கள். நடக்காமல் போன மரணவீட்டுக்கு அது ஓரளவு ஈடாகும். இன்னொன்றும் கேட்க வேண்டும்: அடக்கம் செய்த அந்த அயலவர்களுக்குச் சின்னம்மா நன்றி சொன்னாரா?

மருதடியாள் எழுதியது:

டீச்சர், அதைக் கேட்டபோது சின்னம்மா திடுக்கிட்டுப் போனார். அந்த முதியவர்களின் முகத்தைப் பார்க்கக் கூசி, அவர்கள் உயிரோடு இருந்தவரை அவர் அந்த வளவுக்குள் போகவே இல்லையாம். அவர்களுடைய மகள் மானிப்பாயில் இருக்கிறார். முதலில் சுவாமியாரிடம் போவதாகவும், அதன் பின்னர் மானிப்பாய்க்குப் போவதாகவும் முடிவு செய்திருக்கிறோம். திருப்பலிக்கு அந்த மகளையும் அழைக்கப் போகிறோம். கனடாவுக்குச் சின்னம்மாவே தொலைபேசியில் பேசுகிறேன் என்றார். எப்போது என்று நான் அவசரப்படுத்தவில்லை.